மூன்று பற்சக்கரம் சுழலாது

வாசகர் கேள்வி – பதில்

தொழில்நுட்ப நிறுவனங்களின் இலச்சினை, துண்டுப்பிரசுரம், பெயர்ப்பலகை பற்றி வன்னி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம். வடிவாகவும் இருக்க வேண்டும், பிழையில்லாமலும் இருக்க வேண்டும் என்ற இழுபறி எல்லாக் கடிதங்களிலும் இருக்கிறது.

கேள்வி: வயலுக்குத் தானாக நீர் பாய்ச்சும் கருவி ஒன்றை நண்பர்கள் மூவர் சேர்ந்து செய்கிறோம். ஒன்றோடொன்று பூட்டிய மூன்று பற்சக்கரங்களை இலச்சினையாக வரைவித்தோம். எங்களில் ஒருவர் “இது சுழலாது” என்கிறார். வடிவமைப்பாளரோ “இலச்சினைதானே, யார் சுழற்றிப் பார்க்கப் போகிறார்கள்?” என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், அறிவியல்நகர், கிளிநொச்சி

பதில்: சுழலாது என்றவர் சொல்வதே சரி. தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பற்சக்கரங்கள் எதிரெதிர்த் திசையில்தான் சுற்றும். முதலாவது வலஞ்சுழி என்றால் இரண்டாவது இடஞ்சுழி. மூன்றாவது இரண்டையும் தொடுகிறது. இரண்டாவதற்கு இசைய அது வலஞ்சுழியாகவும், முதலாவதற்கு இசைய இடஞ்சுழியாகவும் போக வேண்டும். அது முடியாது என்பதால் மூன்றும் இறுகி நிற்கும். வளையமாகக் கோத்த எந்த ஒற்றை எண்ணிக்கைக்கும் இதுதான் நடக்கும். 1998 இல் புழக்கத்துக்கு வந்த பிரித்தானிய 2 பவுண் நாணயத்தில் 19 பற்சக்கர வளையம் ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது. தொழிற்புரட்சியைப் போற்ற வரைந்த அந்த வளையமும் சுழலாது.

திருத்துவது அரைமணி நேர வேலை. வளையத்தைத் திறந்து மூன்றையும் வரிசையாக வைத்தால் சுழலும். வளையம்தான் வேண்டும் என்றால் நான்காக்குங்கள். எல்லாச் சக்கரத்திலும் பல்லின் அளவு ஒன்றாகவே இருக்க வேண்டும். சின்னச் சக்கரத்துக்குச் சின்னப் பல் போடுவது அடுத்த வழமையான பிழை, அந்தப் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தமாட்டா.

வடிவமைப்பாளர் பக்கமும் நியாயம் உண்டு. உண்மையான சக்கரத்தில் 24 பல் இருக்கிறது, இலச்சினையிலும் 24 வேண்டும் என்று நீங்கள் கேட்டால் அது அநியாயம். உலாவியின் மேல் விளிம்பில் இலச்சினைக்குக் கிடைப்பது 16 பிக்சல் சதுரம். அதில் 24 பல்லும் கரைந்து ஒரு மங்கல் வட்டமாகிவிடும். 8 பல் போட்டால் பற்சக்கரம் என்று விளங்கும். பல்லைக் குறைத்தால் யாரும் ஏமாறுவதில்லை. சுழலாத சக்கரத்தை ஒரு இயந்திரக்காரர் பார்த்தால் உங்கள் கருவியையே சந்தேகிப்பார்.

எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதற்கு இலண்டன் சுரங்க ரயில் வரைபடத்தைவிட நல்ல பாடம் இல்லை. 1933 இல் வெளிவந்த அதை வரைந்த ஹரி பெக் மின்சுற்று வரைபடங்கள் கீறிப் பழகியவர். தூரத்தையும் பாதையின் வளைவு நெளிவையும் முழுதாகக் கைவிட்டார். எந்த நிலையத்துக்குப் பிறகு எந்த நிலையம், எங்கே இறங்கி மாற வேண்டும் என்பதில் மட்டும் இம்மியும் பிசகவில்லை. பயணி அந்தப் படத்தைப் பார்த்துச் செய்யும் காரியம் அதுதான். உங்கள் படத்தைப் பார்த்து ஒருவர் என்ன செய்வார், என்ன முடிவெடுப்பார் என்று கேளுங்கள். அந்த முடிவைத் தொடும் கோடு சரியாக இருக்க வேண்டும். மற்றக் கோடுகளை வடிவமைப்பாளர் கையில் விடலாம்.

மின்னியல் குறிகளை இலச்சினையில் சேர்ப்பவர்களும் கவனிக்க வேண்டும். எல்ஈடி குறியில் அம்புகள் வெளியே பார்க்கும். உள்ளே பார்த்தால் அது ஒளியை வாங்கும் டயோடு. பற்றரிக் குறியில் நீளக் கோடுதான் நேர்முனை. வெளிச்சம் விற்கும் கடையின் பலகையில் அம்பு உள்ளே திரும்பியிருந்தால் மின்வேலை தெரிந்தவர் கண்ணில் அதுதான் முதலில் படும்.

கடைசியாக ஒன்று. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் கருவியில் வால்வும் உணரியும் இருக்கின்றன, பற்சக்கரமே இல்லை. பிறகு ஏன் அது? குளத்துத் துருசு செய்யும் வேலையைத்தானே உங்கள் கருவி செய்கிறது: நேரத்துக்குத் திறந்து நேரத்துக்கு மூடுகிறது. ஒரு துருசுக் கதவும் மூன்று நீர்க்கோடும் போதும், இரணைமடுவின் கீழ் வயல் செய்பவருக்குச் சொல்லாமலே விளங்கும். குளத்துப் பக்க நீர்மட்டம் வாய்க்கால் பக்கத்தைவிட உயரமாக இருக்கட்டும்.

கேள்வி: மண் ஈரத்தை அளக்கும் உணரி ஒன்றை விற்கிறோம். துண்டுப்பிரசுரத்தில் உணரி முழுவதும் மண்ணுக்குள் புதைந்து, மேலே நெற்பயிர் நிற்பதுபோல வரைந்திருக்கிறார்கள். மிக வடிவாக இருக்கிறது. அப்படியே அச்சிடலாமா? செயலியில் ஈரத்தை 0 முதல் 100 வரை காட்டுவதும் சரிதானா?
– வாசகர், மல்லாவி

பதில்: அச்சிட வேண்டாம். மலிவாகக் கிடைக்கும் மின்கொள்ளளவு உணரிகளில் தகட்டின் மேற்பகுதியில் இலத்திரனியல் பாகங்கள் இருக்கும். அதற்குக் கீழே ஒரு கோடு போட்டிருப்பார்கள், மண் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஈரம் பாகங்களுக்குள் இறங்கி அளவு தாறுமாறாகும், பிறகு உணரி செத்துப்போகும். உங்கள் படம் முழுவதையும் புதைக்கச் சொல்கிறது. வாங்குபவர் பக்கம் பக்கமாக வாசிக்கப் போவதில்லை. படத்தைப் பார்த்து நடுவார், பழுதானால் திருப்பிக் கொண்டுவருவார். படத்தில் மண் மட்டத்தை ஒரு தடித்த கோடாகக் காட்டி, உணரியின் கோட்டை அதன்மேல் பொருத்துங்கள். தகட்டைச் சுற்றி மண் இறுக்கமாகப் படிந்திருக்க வேண்டும். காற்று இடைவெளி இருந்தால் ஈரமான மண்ணும் காய்ந்ததுபோலக் காட்டும். உணரியை வேர்ப்பகுதியின் ஆழத்தில் வைக்க வேண்டும், ஆகவே வேரையும் வரையுங்கள். இலையின் நரம்பு, முகில், சூரியன் எல்லாம் வடிவமைப்பாளர் விருப்பம்.

0 முதல் 100 வரை காட்டலாம், ஆனால் அது எதன் நூறு என்று எழுத வேண்டும். மண்ணின் கன அளவில் எத்தனை பங்கு நீர் என்று அளந்தால், நீர் நிறைந்த மண்ணிலும் அது 40, 50 சதவீதத்தைச் சுற்றியே நிற்கும், மீதி மண் துணிக்கை. உங்கள் செயலியின் 100 “நிறைந்த மண்” என்றால் அதை “நிறைவு” என்று அழையுங்கள். “ஈரப்பதம் 100 சதவீதம்” என்று எழுதினால் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் கேட்கும் முதல் கேள்விக்கே உங்களிடம் பதில் இருக்காது. இன்னும் நல்லது, எண்ணைச் சின்னதாக்கி “நீர் விட வேண்டும்”, “இன்னும் இரண்டு நாள் பொறுக்கலாம்” போன்ற சொற்களைப் பெரிதாக்குவது. காய்ந்த செம்மண்ணிலும் களிமண்ணிலும் ஒரே எண் ஒரே பொருள் தராது. ஆகவே மண் வகைக்கு ஏற்ப அளவைத் திருத்தும் முறையைப் பிரசுரத்தின் பின்பக்கத்தில் நாலு வரியில் போடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறோம். அனுப்பிய படத்தில் உணரிக் கம்பத்தின் தலை சிவப்பு. வேறு ஊரில் அது கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் நல்ல நிறம். வன்னியில் சிவப்புத் தலைக் கம்பமும் சிவப்புப் பலகையும் மிதிவெடி எல்லையைச் சொல்லி வந்தவை. வயலில் அப்படியொன்றைக் கண்டால் பிள்ளைகளும் மாடு மேய்ப்பவர்களும் விலகிப் போவார்கள், போகத்தான் வேண்டும். அந்தக் குறியை நாம் வேறு எதற்கும் எடுத்து அதன் எச்சரிக்கையைத் தேய்க்கக்கூடாது. மஞ்சளோ நீலமோ பூசுங்கள். நெல் பச்சையாக நிற்கும்போதும் வைக்கோலாகக் கிடக்கும்போதும் நீலம் தெரியும்.

கேள்வி: கூரைச் சோலாரும் சோலார் நீர்ப்பம்பும் பொருத்திக் கொடுக்கிறோம். பிரசுரத்தில் “5 கிலோவாட் சோலார், தினமும் 5 கிலோவாட் மின்சாரம்” என்றும் “1 குதிரைவலு பம்ப், மணிக்கு 10,000 லீற்றர்” என்றும் போட்டோம். ஒரு ஆசிரியர் பிழை என்கிறார். கூடவே, இணையத்தில் எடுத்த வீட்டுப் படமும் சரியில்லையாம்.
– வாசகர், மாங்குளம்

பதில்: மூன்று இடத்திலும் ஆசிரியர் சொல்வது சரி.

கிலோவாட் என்பது வேகம், குழாயில் தண்ணீர் வரும் வேகம்போல. தொட்டியில் சேர்ந்த தண்ணீர் போன்றது கிலோவாட்-மணி, மின்கட்டணப் பட்டியலில் நாம் “அலகு” என்று சொல்வது. 5 கிலோவாட் தொகுதி நம் வெயிலில் சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 18 முதல் 20 அலகு தரும். மார்கழி மழை நாட்களில் அதில் பாதியும் வராமல் போகலாம். “தினமும்” என்ற சொல்லை எடுத்துவிட்டு “ஆண்டுச் சராசரியாக நாளுக்கு” என்று எழுதுங்கள். இன்னொரு விஷயம், ஆங்கிலத்தில் கிலோவாட் எழுதும்போது கே சிறியது, டபிள்யூ பெரியது. தலைப்பு முழுவதையும் பெரிய எழுத்தாக்கும் ஆசை அலகுகளில் வேண்டாம். சிறிய எம் மில்லி, பெரிய எம் மெகா. இரண்டுக்கும் இடையில் நூறு கோடி மடங்கு.

பம்பின் லீற்றர் கணக்கு உயரம் இல்லாமல் பொருளற்றது. கையில் வைத்துச் சரிபார்க்க ஒரு கணக்கு: மணிக்கு எத்தனை லீற்றர் என்பதை எத்தனை மீற்றர் உயரம் என்பதால் பெருக்கி 367 ஆல் வகுங்கள். நீரைத் தூக்க மட்டும் வேண்டிய வாட் வரும். 10,000 லீற்றர், 20 மீற்றர் என்றால் 545 வாட். 1 குதிரைவலு 746 வாட். அதாவது உங்கள் பம்ப் 73 சதவீதத் திறனில் ஓட வேண்டும். சின்னப் பம்புகளில் பாதி கிடைத்தாலே நல்லது. அந்தப் பாதியோடு 20 மீற்றருக்கு மணிக்கு 6,800 லீற்றர்தான் வரும். 10,000 என்ற எண் பொய்யாக இல்லாமலும் இருக்கலாம், தொழிற்சாலை அதைக் குறைந்த உயரத்தில் அளந்திருக்கும். ஆனால் ஆழக்குழாய்க் கிணறு வைத்திருப்பவர் தன் கிணற்றுக்கே அந்த எண் என்று நம்புவார். ஒரு பெரிய எண்ணுக்குப் பதிலாக 5, 10, 20, 30 மீற்றருக்கு நான்கு எண் போட்ட சிறு அட்டவணை கொடுங்கள். ஒரு கிணற்றின் குறுக்குவெட்டை வரைந்து, நான்கு உயரத்திலும் எண்ணை எழுதச் சொன்னால் அட்டவணையே படமாகிவிடும். குழாயின் நீளமும் முழங்கைகளும் தரும் உராய்வையும் உயரத்தில் சேர்க்க வேண்டும் என்று அடியில் ஒரு வரி.

வீட்டுப் படம்: அது ஐரோப்பியக் கூரை, 35 பாகை சரிவு. கிளிநொச்சி வடக்கு அகலாங்கு 9.4 பாகையில் இருக்கிறது. இங்கே தெற்கே பார்த்து 10 பாகை சாய்த்தால் போதும், மழைநீர் தூசியைக் கழுவிப் போகவும் அந்தச் சாய்வு உதவும். சித்திரைப் பிறப்பை ஒட்டிய நாட்களில் நடுப்பகல் சூரியன் நம் உச்சிக்கு நேரே வந்து வடக்கே தாண்டும், ஆவணி பாதிக்குமேல்தான் திரும்பும். ஆனி நடுப்பகலில் தெற்கே 35 பாகை சாய்ந்த பலகையில் நேர்க்கதிரின் 66 சதவீதம்தான் விழும், 10 பாகைப் பலகையில் 91 சதவீதம். அந்தப் படத்தைக் காட்டி “இப்படியே சரிவாகப் பூட்டுங்கள்” என்று ஒருவர் கேட்டால் நட்டம் அவருக்கு. நீங்கள் பொருத்திய கூரை ஒன்றையே காலை எட்டு மணிக்கு முன்னர், வெளிச்சம் சாய்வாக விழும் நேரத்தில், வீட்டுக்காரர் சம்மதத்தோடு படமெடுங்கள். கூரை ஓடும் பின்னால் நிற்கும் பனையும் உங்கள் வேலையை எந்த வாங்கிய படத்தையும்விட நன்றாகச் சொல்லும்.

கேள்வி: எங்கள் மென்பொருள் நிறுவனத்தின் பெயரையும் “தொழில்நுட்பம்” என்ற சொல்லையும் தமிழில் போடும்போது போட்டோஷொப்பில் எழுத்துகள் உடைகின்றன. அச்சகத்தார் பாமினியில் அடித்துத் தருகிறார்கள், ஆனால் அதை இணையத்தில் ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கலாக வருகிறது.
– வாசகி, வவுனியா

பதில்: இரண்டும் வேறு வேறு நோய்.

“தொ” யுனிகோடில் சேமிக்கப்படுவது தகரத்துக்குப் பின்னால் உயிர்க்குறியாக. அதைப் பிரித்துக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலைக்கான இயந்திரம் அணைந்திருந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளி வட்டம் ஒன்று தெரியும். போட்டோஷொப்பில் பிரிஃபரன்சஸ், பிறகு டைப் பகுதிக்குப் போங்கள். பதிப்பைப் பொறுத்து “வேர்ல்ட் ரெடி லேஅவுட்” அல்லது “மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்” என்றிருக்கும், அதைத் தெரிவுசெய்து புதிய கோப்பைத் திறவுங்கள். பழைய எழுத்துப் படலங்கள் தாமாக மாறாமல் இருக்கலாம், அவற்றைத் திரும்ப அடியுங்கள். இல்லஸ்ரேட்டரில் டைப் பகுதியில் “இண்டிக்” தெரிவைக் காட்டச் சொல்லிவிட்டு, பந்திப் பலகையின் பட்டியலில் “சவுத் ஏசியன்” என்று வரும் கொம்போசரைத் தெரிவுசெய்ய வேண்டும். முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதை மறப்பதால்தான் “செய்தும் வரவில்லை” என்ற முறைப்பாடு வருகிறது.

பாமினி யுனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த எழுத்துரு. அதனால் அச்சிட்ட பலகைக்கு ஒரு குறையும் இல்லை. இணையத்தில் அந்த எழுத்துரு இல்லாததால் அடியில் கிடக்கும் ஆங்கிலம் தெரிகிறது. உங்கள் பெயரை ஒருவர் தேடினாலும் அகப்படாது. மூலப் பிரதி எப்போதும் யுனிகோடில் இருக்கட்டும். அச்சகத்துக்கு அனுப்பும்போது எழுத்துகளை உருவக்கோடுகளாக மாற்றிப் பிடிஎஃப் கொடுங்கள், அப்போது அவர்களிடம் எந்த எழுத்துரு இருக்கிறது என்ற கவலையே இல்லை. மாற்றுமுன் திருத்தக்கூடிய பிரதி ஒன்றைச் சேமித்துக்கொள்ளுங்கள், உருவக்கோடாகிய எழுத்தை மறுபடி எழுத்தாக்க முடியாது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன் ஆகியவை திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பவை, வணிகத்துக்கும் பாவிக்கலாம்.

இப்போது கண்ணுக்கான விஷயம். ஆங்கிலத் தலையெழுத்துகளோடு தமிழை ஒரே புள்ளி அளவில் வைத்தால் இரண்டும் சமமாகத் தெரியாது. அளவு எண்ணைப் பார்க்காமல் “க”வின் உடல் உயரத்தை ஆங்கிலத் தலையெழுத்தைவிடச் சற்றுக் குறைவாக வையுங்கள். இகர, ஈகர விசிறிகள் மேலே ஏறவும் உகரக் குறி கீழே இறங்கவும் இடம் வேண்டும். வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு 1.2 மடங்கு என்றால் தமிழுக்கு 1.5 வேண்டும். இடம் போதவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்காதீர்கள், செங்குத்துக் கோடுகள் மெலிந்து “ண”, “ன” இரண்டும் ஒன்றுபோலாகும்.

புள்ளியை எல்லாரும் மறக்கிறார்கள். “மின்” என்ற சொல்லில் புள்ளி போனால் சொல்லே போய்விடும். விசிட்டிங் கார்டில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தால் மை பரவிப் புள்ளி மூடிக்கொள்ளும். வினைல் வெட்டும்போது 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த புள்ளி வெயிலில் சுருண்டு உதிரும். சிறிய அளவுக்கென்று புள்ளியைக் கால்பங்கு பெரிதாக்கிய தனிப் பிரதி ஒன்று வைத்திருங்கள்.

ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதுபவர்கள் உரக்க வாசித்துப் பாருங்கள். பண்ணையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை “பாம்” என்று எழுதிய பலகைகள் இருக்கின்றன. அதை வெடிகுண்டு என்று வாசிக்க முடியும், இந்த மண்ணில் அந்த வாசிப்பு யாருக்கும் வேண்டாம். “பார்ம்” என்று எழுதலாம், “பண்ணை” என்றே எழுதினால் இன்னும் நல்லது.

கேள்வி: பிளெக்ஸ் அச்சிடும் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்கள் இலச்சினையை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். பெரிதாக்கினால் உடைகிறது, சிவப்பு ஒரு வருடத்தில் வெளிறுகிறது, பழி என்மேல். என்ன கேட்டு வாங்க வேண்டும்?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: வாட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் படமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கும். 8 அடி பலகை 96 அங்குலம். அங்குலத்துக்கு 17 பிக்சல்கூட வரவில்லை. தெளிவுக்கு அங்குலத்துக்கு 100 வேண்டும், அதாவது 8க்கு 4 அடி பலகைக்கு 9600க்கு 4800 பிக்சல். ஆகவே பெரிதாக்கினாலும் உடையாத கோட்டுருவக் கோப்பாக, எஸ்விஜி, ஈபிஎஸ் அல்லது பிடிஎஃப் கேளுங்கள், அதையும் “டொக்கியூமென்ட்” ஆக அனுப்பச் சொல்லுங்கள். ஜேபெக் படத்தைப் பிடிஎஃப் உறைக்குள் போட்டு அனுப்புவார்கள். 800 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

வெயிலில் முதலில் போவது மெஜந்தாவும் மஞ்சளும். சயானும் கறுப்பும் பிடித்து நிற்கும், பழைய சுவரொட்டிகள் எல்லாம் நீலமாகத் தெரிவது அதனால்தான். சிவப்பு என்பது மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்தது, ஆகவே அடி முழுக்க அதற்கே. இலச்சினையின் சிவப்பை மட்டும் நிறமூட்டிய வினைலில் வெட்டி ஒட்டி, மீதியைப் பிளெக்ஸில் அச்சிடுங்கள். திரையில் மின்னும் பச்சையும் நீலமும் நான்கு மையில் அப்படியே வராது என்பதையும் முற்பணம் வாங்கும்போதே மாதிரித் துண்டு காட்டிச் சொல்லிவிட வேண்டும்.

ஏ9 நெடுஞ்சாலை ஓரப் பலகைகளுக்கு ஒரு கணக்கு. மணிக்கு 60 கிலோமீற்றரில் வருபவர் நான்கு செக்கனில் 67 மீற்றர், அதாவது 220 அடி கடப்பார். வீதிக் குறிப்பலகைகளில் ஆங்கிலத்துக்கு 30 அடித் தூரத்துக்கு ஓரங்குல எழுத்து என்பது ஒரு அளவு. தமிழ் எழுத்தில் வளைவு அதிகம் என்பதால் 20 அடிக்கு ஓரங்குலம் வையுங்கள், 11 அங்குல எழுத்து வரும். 8 அடிப் பலகையில் அப்படி ஒரு வரியில் எட்டு எழுத்துதான் கொள்ளும். பெயரும், என்ன தொழில் என்ற ஒரு சொல்லும் போதும். பத்துச் சேவைகளின் பட்டியலை நின்று வாசிப்பவர்களுக்காகக் கடை வாசலில் வைக்கலாம்.

கேள்வி: படகில் பாவிக்கும் இடங்காட்டிக் கருவிக்கு “ஐ.பி. 67” என்று பெட்டியில் போட்டு, கருவி கடலுக்கடியில் கிடக்கும் படமும் வைத்தோம். இது மிகையா?
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: மிகைதான், அதுவும் ஆபத்தான இடத்தில். ஐ.பி. 67 இல் 6 என்பது தூசி புகாது என்பது. 7 என்பது 1 மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்பது. சோதனை நன்னீரில் நடப்பது. உப்பு அரிப்பைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்வதில்லை, அதற்கு உப்புப் பனிச் சோதனை தனியாக உண்டு. பலருக்குத் தெரியாத இன்னொன்று: 7 கிடைத்தால் நீர்ப் பீச்சலைத் தாங்கும் 5, 6 தானாகக் கிடைத்ததாகப் பொருளில்லை. அமிழ்த்தினால் தாங்கும் கருவி, குழாயால் பீச்சியடித்தால் தோற்கலாம். அலை அடிக்கும் படகில் பீச்சல்தான் அதிகம். இரண்டும் சோதித்திருந்தால் “ஐ.பி. 66/67” என்று சேர்த்து எழுத வேண்டும். சோதிக்காமல் மின்னேற்றும் துளைக்கு ஒரு இறப்பர் மூடி இருக்கிறது என்பதை வைத்து எண் போடுவதைவிட எண்ணே போடாமல் விடுவது நேர்மை.

படத்தைப் படகின் விளிம்பில், தெறிக்கும் நீர்த்துளிகளோடு மாற்றுங்கள். மூடியை மூடிய நிலையில் காட்டுங்கள். “உப்புநீர் பட்டால் அன்றே நன்னீரில் கழுவவும்” என்ற வரியைப் பெட்டியின் முகப்பிலேயே வைக்கலாம், அது அழகைக் கெடுக்காது. புளூடூத் அடையாளத்தையும் பெட்டியில் கண்டோம். அதைப் போட அந்த அமைப்பில் உறுப்புரிமையும் பொருளுக்கான பதிவும் வேண்டும். இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் இணைய இணைப்புக்கு “100 எம்பிபிஎஸ்” என்று விளம்பரம் போட்டோம். “12தான் வருகிறது” என்று சண்டை.
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: 8 பிற் ஒரு பைற். நூறை எட்டால் வகுத்தால் 12.5. இணைப்பின் வேகத்தைப் பிற்றிலும், பதிவிறக்கத்தைப் பெரும்பாலும் பைற்றிலும் காட்டுவதுதான் குழப்பம். விளம்பரத்தில் “1 ஜிபி கோப்பு சுமார் ஒன்றரை நிமிடத்தில்” என்று எழுதுங்கள். “வரை” என்ற சொல்லைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போட வேண்டாம்.

கேள்வி: பொறியியலாளர் ஒவ்வொரு முறையும் நிறத்தை மாற்றச் சொல்கிறார், வடிவமைப்பாளர் ஒவ்வொரு முறையும் படத்தில் உள்ள வயரை எடுத்துவிடுகிறார். ஒரு பிரசுரத்துக்கு இரண்டு மாதம் போய்விட்டது.
– வாசகி, கிளிநொச்சி

பதில்: வரையத் தொடங்குமுன் பொறியியலாளர் ஒரு தாள் எழுத வேண்டும்: “மாறக்கூடாதவை.” ஆறு வரிக்கு மேல் போகக்கூடாது. வயர் எந்தத் துளையில் நுழைகிறது, எந்தப் பக்கம் மேல், எந்த எண் எந்த அலகில், என்ன ஆழம் என்பவை. கூடவே கருவியையும், அது பொருத்தப்பட்ட இடத்தின் படத்தையும் கொடுக்க வேண்டும். கருவியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் வரைபவர் வயரை எடுத்துவிடுவதில் வியப்பில்லை, அவருக்கு அது குப்பையாகத் தெரியும்.

பிறகு இரண்டே இரண்டு முறை பார்ப்பது. பென்சில் நிலையில் ஒரு தடவை, அப்போது எதையும் பேசலாம். அச்சுக்குப் போகுமுன் ஒரு தடவை, அப்போது பொறியியலாளர் அந்த ஆறு வரியை மட்டும் இலக்கமிட்டுச் சரிபார்ப்பார். நிறம் பற்றி அந்த நேரத்தில் அவர் பேசக்கூடாது, ஒரு இடத்தைத் தவிர: சிவப்பு, பச்சை இரண்டாலும் மட்டும் “பழுது”, “சரி” என்று காட்டியிருந்தால் நிறுத்தலாம். சில ஆண்களுக்கு அந்த இரண்டு நிறமும் பிரித்தறிய வராது. நிறத்தோடு சொல்லோ வடிவமோ சேர வேண்டும்.

இலச்சினையை வடிவமைப்பாளர் 16 பிக்சலிலும் 12 மில்லிமீற்றர் அகலத்திலும் 8 அடியிலும், கறுப்பு ஒற்றை நிறத்திலும் சேர்த்தே கொடுக்க வேண்டும். வங்கிக் கடிதத்திலும் இறப்பர் முத்திரையிலும் நிறம் கிடையாது.

கடைசிச் சோதனை இருவருக்கும் வெளியே. கமநல சேவை நிலையத்துக்கு வரும் ஒரு விவசாயியிடம் பிரசுரத்தையும் கருவியையும் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல், பொருத்தச் சொல்லுங்கள். கை எங்கே தயங்குகிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் படம் பிழை. மூன்று பேரிடம் செய்தால் போதும், பெரும்பாலும் மூவரும் ஒரே இடத்தில் தயங்குவார்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவால் படம் உருவாக்கிப் பாவிக்கலாமா?
– வாசகர், பரந்தன்

பதில்: பின்னணிக்குப் பாவிக்கலாம், பொருளைக் காட்டப் பாவிக்காதீர்கள். பல வேளைகளில் அது வரையும் சுற்றுப்பலகையில் தடங்கள் எங்கும் போய்ச் சேராது, சோலார் பலகையின் கோடுகள் நடுவில் திசை மாறும், வயர் காற்றில் முடியும், தமிழ் எழுத்துகள் எழுத்துபோலத் தெரியும் ஆனால் எழுத்தாக இருக்காது. வயலை வரையச் சொன்னால் மலைச்சரிவில் படிப்படியாக வரக்கூடும், நம் நிலம் தட்டை. நிழல்கள் எல்லாம் ஒரே திசையில் விழுகின்றனவா என்றும் பாருங்கள்.

கேள்வி: பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துவிட்டோம். இலச்சினைக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் போடலாமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: போடக்கூடாது. பெயர்ப் பதிவு வேறு, வியாபாரக் குறிப் பதிவு வேறு. வியாபாரக் குறியை 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிவு 10 ஆண்டுக்கு, பிறகு புதுப்பிக்கலாம். அதுவரை டிஎம் என்ற சிறு எழுத்துப் போதும். விண்ணப்பத்தில் வகுப்பைச் சரியாகத் தெரிவுசெய்யுங்கள்: மின்கருவியும் மென்பொருளும் 9, பம்ப் 7, பொருத்தித் தரும் சேவை 37, மென்பொருள் உருவாக்கும் சேவை 42. விண்ணப்பித்த பிறகு இலச்சினையின் உருவை மாற்றினால் பெரும்பாலும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டிவரும். ஆகவே பற்சக்கரத்தைத் திருத்துவது என்றால் அதற்கு முன்னரே திருத்திவிடுங்கள்.